வாயாடிகளுக்கு ஒரு வகுப்பு

எங்கள் கல்லூரிக்கு ஆண்டுக்கு ஒருமுறை தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஒருவர் வருவார். ஆள் மாறும், பேச்சு மாறாது. முடியும் என்று நினைத்தால் முடியும் என்பார். எல்லோரையும் எழுந்து நின்று கையை உயர்த்தச் சொல்வார். கடைசி அரைமணி நேரம் அம்மா அப்பாவின் தியாகம். பிள்ளைகள் அழுவார்கள், உண்மையாகவே அழுவார்கள். மறுநாள் காலை அதே பிள்ளைகளில் பாதிப்பேர் முதல் வகுப்பு முடிகிற நேரத்தில் வந்து வாசலில் நிற்பார்கள். அவர்கள் ஊரிலிருந்து முதல் பேருந்து எட்டே முக்காலுக்குத்தான். இரண்டு மணி நேரம் பேசியவர் பேருந்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்.

படிப்பில் பின்தங்கிய பெண்களுக்கு ஊக்கம் போதவில்லை என்று ஆசிரியர் அறையில் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. ஊக்கத்தைக் குளுக்கோஸ் பாட்டில் போல வெளியிலிருந்து ஏற்றிவிடலாம் என்று நினைக்கிறார்கள். என் கட்சி வேறு. தடுமாறுகிற பெண்ணுக்கு இரண்டு வேண்டும். அவள் சொல்வதைப் பொருட்படுத்தி மறுத்துப் பேசுகிற ஒரு வகுப்பு வேண்டும். அப்படிப் பேசக் கற்றதற்காக வீடும் ஊரும் அவள் மேல் பாயும்போது பக்கத்தில் நிற்கிற ஓர் ஆசிரியர் வேண்டும். ஒன்றைக் கொடுத்து மற்றதைக் கொடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நானே ஒருத்தியை அப்படி விட்டிருக்கிறேன். அவளிடம் பிறகு வருகிறேன்.

முதலில் இன்னொருத்தி. இளங்கலைத் தமிழ், மூன்றாமாண்டு. வேறு எந்தத் துறையிலும் இடம் கிடைக்காததால் தமிழுக்கு வந்தவள். ஏழு தாள் அரியர். சனி ஞாயிறுகளில் டவுன் ஜவுளிக்கடையில் நின்றுகொண்டே வேலை. வகுப்பில் கடைசி பெஞ்ச், சுவரோரம். இரண்டு ஆண்டுகளில் அவள் குரலை வருகைப்பதிவின்போது மட்டுமே கேட்டிருக்கிறேன்.

அன்று சிலப்பதிகாரம் நடத்திக்கொண்டிருந்தேன். வஞ்சின மாலை. கண்ணகி தீக்கடவுளிடம் யார் யாரை விட்டுவிடச் சொல்கிறாள் என்று பட்டியலைச் சொன்னேன்: அந்தணர், அறவோர், பசு, பத்தினிப் பெண்கள், முதியவர், குழந்தைகள். தீயவர் பக்கம் மட்டும் போகச் சொல்கிறாள். அது அறத்தீ என்று நான் இருபது ஆண்டுக்கு முன்பு என் ஆசிரியரிடம் கேட்டதையே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தபோது சுவரோரத்திலிருந்து குரல் வந்தது.

“தீ அப்படியெல்லாம் ஆளப் பாத்து விலகிப் போகாதும்மா. எங்க பக்கம் குடிசை எரிஞ்சப்ப போகல.”

அவள் ஊர் கீழவெண்மணிக்குப் பக்கம். 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்ட மண். அந்த 44 பேரில் பெண்களும் முதியவர்களும் குழந்தைகளும்தான் மிகுதி. கண்ணகியின் விலக்குப் பட்டியலில் இருக்கிறவர்கள். வகுப்பு அமைதியாகிவிட்டது. முதுகலையில், முனைவர் பட்ட ஆய்வில், எத்தனையோ கருத்தரங்குகளில் இந்தக் காதையைப் பற்றிப் பேசியிருக்கிறேன். இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. கேட்டவளை எங்கள் பதிவேடு ‘ஸ்லோ லேர்னர்’ என்று குறித்து வைத்திருந்தது.

இந்தச் சொல்லைக் கொஞ்சம் பார்ப்போம். தேசியத் தர மதிப்பீட்டுக் குழுவுக்காக, அதாவது நாக்குக்காக, கல்லூரிகள் மாணவர்களின் கற்றல் நிலையை அளந்து வேகமாகக் கற்போர், மெதுவாகக் கற்போர் என்று பிரித்துக் காட்ட வேண்டியிருந்தது. மெதுவாகக் கற்போருக்குத் தனி வகுப்பு வைத்ததற்குப் புகைப்படம் வேண்டும், கையெழுத்து வேண்டும். பின்தங்கியவர்களைக் கவனிக்க வேண்டும் என்ற எண்ணம் நல்லதுதான். நடைமுறையில் அது ஒரு பட்டமாகிவிட்டது. எந்தப் பெண் மெதுவாகக் கற்கிறாள் என்று மதிப்பெண்ணை வைத்து முடிவு செய்கிறோம். ஏன் அந்த மதிப்பெண் என்று கேட்பதில்லை.

நானும் கேட்டிருக்கவில்லை. தீயைப் பற்றி அவள் கேட்ட பிறகுதான் அவளை உட்கார வைத்து அந்த ஏழு தாள்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஏழில் மூன்று, அவள் எழுதவே இல்லாத தேர்வுகள். அரியர் தாள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கட்டணம் கட்ட வேண்டும். அந்தப் பருவத்தில் வீட்டில் பணம் இல்லை, கட்டவில்லை, அவ்வளவுதான். அது மதிப்பெண் பட்டியலில் தோல்வியாக ஏறி, பிறகு பதிவேட்டில் மந்தமாக ஏறிவிட்டது. பணம் இல்லாததை மூளை இல்லாததாக மாற்றிக் காட்டுகிற இந்தக் கணக்கில் நானும் இரண்டு ஆண்டுகள் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அவளிடம் சொன்னேன்: “நீ சொன்னதை நான் ஒத்துக்கல. காப்பியத்துல தீ ஒரு தெய்வம், ஏவினா கேக்கும். அடுத்த புதன்கிழமை வந்து நான் சொன்னது தப்புன்னு நிறுவு.” அவள் பயந்துபோனாள். ஆனால் புத்தகத்தை எடுத்துப் போனாள். கைடு இல்லை, மூல நூல். வஞ்சின மாலையையும் அழற்படு காதையையும் உரையோடு படித்துவிட்டு வந்தாள். அவள் விருப்பப்பட்டு ஒரு மூலத்தைப் படித்தது அதுதான் முதல்முறை. ஊக்கம் என்பது இதுதான் என்று நினைக்கிறேன். ஒருத்திக்கு ஒரு கேள்வி சொந்தமாகிவிட்டால் புத்தகத்தை அவளே தேடிப்போவாள்.

புதன்கிழமை கடைசி மணி நேரம் அப்படித்தான் தொடங்கியது. எங்களுக்கு விதிகள் சில உண்டு. ஒலிபெருக்கி கிடையாது. நடுவர் கிடையாது. எழுதி வந்து ஒப்பிக்கக் கூடாது. தலைப்பை மாணவிகளே வைப்பார்கள். எதிராளி சொன்னதை, ஆமாம் இதைத்தான் சொன்னேன் என்று அவளே ஒப்புக்கொள்கிற மாதிரி திருப்பிச் சொன்ன பிறகுதான் மறுக்கலாம். இந்த வாரம் ஒரு கட்சி பேசியவள் அடுத்த வாரம் எதிர்க்கட்சி பேச வேண்டும். ‘எங்கே இருக்கு, காட்டு’ என்று யாரும் யாரையும் கேட்கலாம். என்னையும்.

ஒருமுறை மகளிருக்கான கட்டணமில்லாப் பேருந்தைத் தலைப்பாக வைத்தார்கள். 2021இல் அது வந்ததிலிருந்து ‘ஓசி டிக்கெட்’ என்ற ஏச்சைக் கேட்காத பெண் எங்கள் வகுப்பில் இல்லை. திட்டம் வேண்டாம் என்ற கட்சிக்கு வாதாட வேண்டியிருந்தவள், செலவு எவ்வளவு என்று தேடப் போய், அந்தப் பயணங்களுக்கான பணத்தை அரசு போக்குவரத்துக் கழகங்களுக்கு ஈடுகட்டுகிறது என்று கண்டுபிடித்து வந்தாள். தன் கட்சிக்கு எதிரான செய்தியை அவளே வகுப்பில் வைத்தாள். அடுத்த வாரம் ஒரு பிள்ளை நடத்துநரிடம், “ஓசி இல்லண்ணே, கவர்மென்டு குடுக்குது, எங்க அப்பா கட்டுற வரியிலேர்ந்து” என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். பொருளாதாரத் துணைப்பாடத்தில் தோற்றிருந்தவள் அவள்.

இதைப் பட்டிமன்றத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இன்றைய பட்டிமன்றத்தில் குடும்பத்தின் மகிழ்ச்சிக்குக் காரணம் கணவனா மனைவியா என்று கேட்டு, மனைவியின் சமையலைச் சொல்லிச் சிரிக்கவைத்து, கடைசியில் பெரும்பாலும் ஆணாகவே இருக்கிற நடுவர் இருவரும்தான் என்று தீர்ப்புச் சொல்வார். கல்லூரிப் பேச்சுப் போட்டியோ இன்னும் மோசம். ஏற்கெனவே நன்றாகப் பேசுகிற ஒரு பெண்ணைப் பொறுக்கி எடுத்து, துறை ஆசிரியர் எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்யவைத்து, கோப்பையோடு அழைத்து வருவோம். கடைசி பெஞ்சில் இருக்கிறவள் கை தட்ட வேண்டும். நான் சொல்வதெல்லாம், கை தட்டுகிறவளிடம் வாதத்தைக் கொடுங்கள் என்பதுதான். நன்றாகப் பேசுகிறவளுக்கு அது இன்னொரு சான்றிதழ். பேசாதவளுக்கு அது படிப்பதற்கான காரணம்.

இது புதிதும் இல்லை. மணிமேகலையைப் பாருங்கள். கணிகையர் குலத்தில் பிறந்த இளம்பெண். வஞ்சி நகரில் சமயவாதிகள் ஒவ்வொருவரிடமும் போய் உன் கொள்கை என்ன என்று கேட்கிறாள். ஆனால் பெண்ணாகப் போய்க் கேட்க முடியவில்லை. இளம்பெண் என்று பார்த்தால் ஒருவரும் மெய்ப்பொருளைச் சொல்ல மாட்டார்கள் என்று காப்பியமே காரணம் சொல்கிறது. தவசியின் வேற்றுருக் கொண்டுதான் போகிறாள். தமிழ்ப் பெண் ஒருத்தி வாதம் கேட்பதற்கு ஆண் வேடம் போட வேண்டியிருந்ததை நம் இலக்கியம் இவ்வளவு வெளிப்படையாகப் பதிவு செய்திருக்கிறது. நாம் அதை மந்திர சக்தி என்று இரண்டு மதிப்பெண் வினாவாக்கி நடத்துகிறோம்.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்து நடப்பது. காஞ்சியில் அறவண அடிகளிடம் வருகிறாள். தருமம் கேட்க வந்தவளுக்கு அவர் முதலில் கற்றுக்கொடுப்பது அளவை நூல். ஒரு கூற்றை எப்படி நிறுவுவது, அதற்கு ஏது எது, எடுத்துக்காட்டு எது, போலிக் காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது. 29ஆம் காதையில் பெரும்பகுதி தருக்கம்தான். கடினம் என்று அதைப் பாடத்திட்டத்தில் பலரும் தொடுவதில்லை. என்னைக் கேட்டால் நம் மொழியில் ஓர் ஆசிரியர் ஒரு மாணவிக்குச் செய்த பெரிய மரியாதை அந்தக் காதை. நம்பு என்று சொல்வதற்கு முன்பு, எப்படி ஆராய்வது என்று சொல்லிக்கொடுக்கிறார். என்னையும் ஆராய்ந்துகொள் என்பது அதில் அடக்கம்.

தொலைவில் போக வேண்டாம், புனேவுக்குப் போவோம். 1848இல் சாவித்திரிபாய் புலேயும் ஜோதிராவும் பெண்களுக்குப் பள்ளி தொடங்கினார்கள். அவர்கள் பள்ளியில் படித்த முக்தா சால்வே, மாங் சாதியைச் சேர்ந்த பதினான்கு வயதுப் பெண், 1855இல் மகர், மாங் மக்களின் துயரம் பற்றி ஒரு கட்டுரை எழுதினாள். ‘ஞானோதயா’ இதழில் வந்தது. வேதம் பிராமணர்களுக்கு மட்டும்தான் என்றால் எங்களுக்கு எந்த மதம் என்று அதில் கடவுளிடமே வழக்காடுகிறாள். ஆசிரியருக்கு நன்றி சொல்லும் கட்டுரையாக அது இல்லை. நல்ல ஆசிரியர் கிடைத்த பெண் எழுதுகிற கட்டுரை இப்படித்தான் இருக்கும்.

இனி நான் விட்டுவிட்டவளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

புதன்கிழமை வகுப்பு தொடங்குவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது. இரண்டாமாண்டு மாணவி. என்னிடம் பேசக் கற்றாள், எழுதிக் கொடுக்காமல் பேசுவாள், வெளியூர்களில் பரிசு வாங்கினாள். நான் பெருமையாகத் திரிந்தேன். வீட்டில் மாப்பிள்ளை பார்த்தார்கள். அவள் மேடையில் பேசுகிற மாதிரியே வீட்டிலும் பேசினாள். படிப்பை முடிக்கிறேன், காரணம் ஒன்று, இரண்டு, மூன்று. அவள் அப்பா, “காலேஜ்ல இதத்தான் சொல்லித் தர்றாங்களா?” என்று கேட்டுவிட்டு மறுநாளிலிருந்து அனுப்பவில்லை. எனக்குப் போன் செய்தாள். “நீங்க வந்து அப்பாகிட்ட ஒருதடவ பேசுங்கம்மா.” கல்லூரிக்கு மதிப்பீட்டுக் குழு வருகிற வாரம் அது. கோப்புகள் அடுக்கிக்கொண்டிருந்தோம். ரெண்டு நாள் பொறும்மா, வந்துடுறேன் என்றேன். ஒன்பது நாள் கழித்துப் போனேன். வீடு பூட்டியிருந்தது. குலதெய்வக் கோயிலில் கல்யாணம் முடிந்துவிட்டது என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார்.

அந்த வாரம் நான் அடுக்கிய கோப்புகளில் ஒன்று வழிகாட்டி ஆசிரியர் பதிவேடு. ஓர் ஆசிரியருக்கு இத்தனை மாணவர் என்று பிரித்து, சந்தித்த தேதி, மாணவரின் பிரச்சினை, எடுத்த நடவடிக்கை என்று கட்டம் போட்டிருக்கும். அவளுக்கு நேரே ‘பிரச்சினை இல்லை’ என்று என் கையெழுத்தில் இருந்தது.

சென்ற ஆண்டு பேருந்து நிலையத்தில் அவளைப் பார்த்தேன். இடுப்பில் குழந்தை. நான் எதுவும் கேட்பதற்கு முன்பு அவள் கேட்டாள்: “இப்ப புதன்கிழமை புதன்கிழமை பேசுறீங்களாமேம்மா?” ஆமாம் என்றேன். “நல்லதும்மா” என்றாள். பேருந்து வந்துவிட்டது.

பெண்ணுக்கு நாக்கைக் கொடுத்துவிட்டு வாசலோடு நின்றுவிட்ட ஆசிரியர் அவளுக்குத் தீங்கு செய்தவர். வாதம் வேண்டாம், அதனால்தான் பிரச்சினை என்று சொல்பவர்களுக்கு இந்தக் கதை உதவும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். அவர்கள் சொல்வது தவறு. அவள் பேசியதில் பிழை இல்லை. அவள் தனியாகப் பேசினாள், அதுதான் நடந்தது. நான் அன்று மாலையே போயிருந்தால் கல்யாணம் நின்றிருக்கும் என்று என்னால் நிறுவ முடியாது. ஆறு மாதம் தள்ளிப்போயிருக்கலாம். ஆறு மாதத்தில் ஒரு பருவத் தேர்வு எழுதியிருப்பாள்.

அதன் பிறகு நான் வீடுகளுக்குப் போகிறேன். சண்டை போடப் போவதில்லை. சாயங்காலம் அப்பா வேலையிலிருந்து வருகிற நேரமாகப் பார்த்துப் போய், டீ குடித்து, பிள்ளை வகுப்பில் என்ன பேசினாள் என்று சொல்கிறேன். தன் மகள் நன்றாகப் படிக்கிறாள் என்று கேட்ட அப்பாக்கள் உண்டு. அவள் நன்றாக யோசிக்கிறாள் என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை. சில அப்பாக்கள் எழுந்து போய்விடுவார்கள். அம்மாக்கள் வாசல் வரை வந்து மெதுவாக, “விட்றாதீங்க டீச்சர்” என்பார்கள்.

இதற்குச் சம்பளம் கிடையாது, நேரம் கிடையாது. இங்கே ஓர் எச்சரிக்கை. அர்ப்பணிப்புள்ள ஆசிரியை என்று பாராட்டி மாலை போடுவது ஒரு தந்திரம். அரசுக் கலைக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர்களைத் தொகுப்பூதியத்தில் ஆண்டுக்கணக்காக வைத்திருக்கிறார்கள். விருந்தினர் ஆசிரியர்களுக்கு மாதம் 50,000 ரூபாய் வரை கொடுக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் சொல்லியும் அது எட்டாக்கனியாகவே இருக்கிறது. அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்று தெரியாதவளிடம் மாணவியின் மூன்றாண்டுக்கும் துணை நில் என்று எப்படிக் கேட்பது? தாயுள்ளம் என்று பெயர் வைத்துப் பெண்களின் உழைப்பைச் சும்மா வாங்கிக்கொள்வதை வீட்டிலேயே பார்த்தாகிவிட்டது. கல்லூரியிலும் வேண்டாம். வழிகாட்டுவது வேலை. அதற்கு வேலை நேரத்தில் இடமும் நிரந்தரப் பணியிடமும் வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை, குருபக்தி பற்றியது. என் பிள்ளைகள் என்று சொந்தம் கொண்டாடும் ஆண் பேராசிரியர்களையும் பெண் பேராசிரியர்களையும் பார்த்திருக்கிறேன். வழிகாட்டியின் அதிகாரம் எங்கெல்லாம் போய் முடியும் என்று ஆய்வு மாணவிகளுக்குத் தெரியும். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிராக 2013இல் சட்டம் வந்தது. அதன்படி அமைந்த உள்ளகக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று எத்தனை மாணவிகளுக்குச் சொல்லியிருக்கிறோம்? என்னை மறுத்துப் பேச முடியாத மாணவிக்கு நான் வழிகாட்டி இல்லை, இன்னொரு காவல்காரி. வாதமும் வழிகாட்டலும் ஒன்றையொன்று கண்காணிக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

2022இல் தமிழ்நாடு அரசு, அரசுப் பள்ளியில் படித்துவிட்டு உயர்கல்விக்கு வரும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திட்டம். என் மாணவிகள் பலருக்கு அந்தப் பணம் வருகிறது, தேவையான பணம். அம்மையார் யார்? பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்து ஊர் ஊராக மேடையேறி வாதாடியவர். 1936இல் அதை நாவலாகவும் எழுதியவர். வாதாடியவள் பெயரில் மாதம் ஆயிரம் கொடுக்கிறோம். அந்த ஆயிரத்தை வாங்கிக்கொண்டு வகுப்பில் எதிர்த்துப் பேசுகிறவளுக்கு வாயாடி என்று பட்டம் கொடுக்கிறோம். ஒரே கையால் இரண்டையும் செய்ய நமக்குக் கூச்சமாக இல்லையா?

தீயைப் பற்றிக் கேட்டவள் ஏழில் ஆறு தாள்களைப் படிப்பு முடிவதற்குள் தேறினாள். கட்டணத்தை மூன்று ஆசிரியர்கள் பிரித்துக் கட்டினோம். பிறகு அவள் ஜவுளிக்கடைச் சம்பளத்திலிருந்து திருப்பிக் கொடுத்தாள், வேண்டாம் என்றதற்கு வாதாடி. மிஞ்சியது ஆங்கிலம். அதை வாதம் தீர்த்து வைக்கவில்லை. ஆங்கிலத் துறைத் தோழி ஒருவர் வாரம் இரண்டு நாள், அவள் பேருந்துக்கு முன்னால் இருபது நிமிடம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். அடுத்த ஆண்டு தேறினாள். இது அதிசயம் இல்லை. ஒரு மணி நேரம், ஒரு மரத்தடி, கொஞ்சம் பணம், இரண்டு மூன்று பேர்.

இதைப் படிக்கிற மாணவிக்கு ஒரு சொல். உன் கல்லூரியில் இப்படி ஒரு மணி நேரம் இல்லையென்றால் நான்கு பேர் சேர்ந்து கேளுங்கள். தனியாகக் கேட்காதே. உங்களோடு நிற்கக்கூடிய ஓர் ஆசிரியரைத் தேடுங்கள். அவர் சொல்வதையும் அப்படியே ஏற்காதீர்கள். இந்தக் கட்டுரையையும்தான். எங்கே இருக்கு, காட்டு என்று கேளுங்கள்.